கொப்பி கொடுப்பவர்களும் கணக்குப் படிப்பிப்பவர்களும்

வருடத் தொடக்கத்தில் எங்கள் திருகோணமலை மாவட்டத்தில் வெருகல் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் போயிருந்தேன். அதிபரின் அறையில் இருந்த அலுமாரி நிறையக் கொப்பி. ஒரே கிழமைக்குள் மூன்று குழுக்கள் வந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கின்றன, மூன்றும் எண்பது பக்கக் கொப்பி. பத்தாம், பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வேண்டியதோ பெரிய, தடித்த சீஆர் கொப்பி. அது விலை கூட. அதே காசுக்கு எண்பது பக்கக் கொப்பி நிறைய வாங்கலாம், மேசையில் அடுக்கினால் உயரமாகத் தெரியும், படமும் வடிவாக விழும். அதிபர் குறை ஒன்றும் சொல்லவில்லை. "தாறதை வேண்டாம் எண்டு சொல்லலாமா சேர்" என்று சிரித்தார். தேத்தண்ணி குடித்து முடித்து நான் எழும்பும்போதுதான் கேட்டார்: "கணக்குப் படிப்பிக்க யாராவது கிழமைக்கு ஒருக்கா வருவாங்களா?"

அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் மனதில் இதுதான் ஓடியது. கொப்பி கொடுக்க மூன்று குழு வந்த இடத்துக்குக் கணக்குப் படிப்பிக்க ஒருவரும் வராதது ஏன்? அந்த மூன்று குழுவும் கெட்டவர்களா என்றால் இல்லை. சோம்பேறிகளா? கிண்ணியாப் பாலம் தாண்டி, மூதூர் தாண்டி, அந்த வெயிலில் வான் பிடித்து அவ்வளவு தூரம் வந்தவர்களைச் சோம்பேறி என்று எப்படிச் சொல்வது. எனக்குப் பட்டது இதுதான்: ஒருவர் ஏன் கொடுக்கிறார் என்பதே அவர் எதைக் கொடுப்பார் என்பதையும் பெரும்பாலும் முடிவு செய்துவிடுகிறது. புண்ணியம் தேடுகிறவரின் கை சோற்றுப் பானைக்குப் போகும். பெயர் வேண்டுகிறவரின் கை கல்லுக்கும் சீமெந்துக்கும் போகும். மனம் உறுத்துகிறவர் சீக்கிரம் முடிகிற ஒன்றைத் தேடுவார். ஒரு பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்து வருடக்கணக்காகச் சொல்லிக்கொடுக்க இவை மூன்றும் காணாது, அதற்கு வேறொன்று வேண்டும். அதற்கு வருகிறேன். முதலில் மற்றவற்றையும் கொஞ்சம் மரியாதையோடு பார்த்துவிடுவோம், ஏனென்றால் அவற்றால்தான் இந்த ஊர் பல தடவை தப்பிப் பிழைத்திருக்கிறது.

சோறு. கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்களைத் திருகோணமலையில் பார்த்தவர்களுக்கு இது புரியும். வடக்கே செல்வச்சந்நிதியிலிருந்து கிழக்குக் கரை வழியாக நடந்து வருவார்கள், கையில் வேல், தோளில் ஒரு பை, காலில் கொப்புளம். 'சாமிமார் வருகினம்' என்று தெரிந்ததும் வழியில் உள்ள வீடுகளிலும் கோயில்களிலும் உலை வைத்துவிடுவார்கள். வருகிறவர் யார், எந்த ஊர், என்ன சாதி என்று கேட்பதில்லை. சாப்பாடு போட்டவரே கும்பிட்டுத் திருநீறும் வாங்கிக்கொள்வார். வாங்குகிறவன் மேலே, கொடுக்கிறவன் கீழே. கொப்பி கொடுக்கிற மேசைக்குப் பக்கத்தில் வரிசையில் நிற்கிற பிள்ளையின் முகத்தை நினைத்துப் பார்த்தால் இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று விளங்கும்.

கோயில் உபயமும் இப்படித்தான். திருவிழாவில் இந்த நாள் இந்தக் குடும்பத்துக்கு, அந்த நாள் இன்ன ஊராருக்கு, இன்ன தொழில் செய்கிறவர்களுக்கு என்று இருக்கும். 'எங்கட உபயம்' என்று சொல்லும்போது அதில் பெருமை இருக்கிறது, பயமும் இருக்கிறது, அப்பா செய்தது என் காலத்தில் நின்றுவிடக்கூடாதே என்ற பயம். 2022இல் நாடு வங்குரோத்தாகி, காஸுக்கும் பெற்றோலுக்கும் மைல் கணக்கில் நின்ற வருடத்திலும் நகையை அடகு வைத்து உபயம் செய்த வீடு ஒன்றை எனக்குத் தெரியும். அது சரியா பிழையா என்று கேட்டால் நான் சொல்லமாட்டேன். கோணேசர் கோயிலுக்குக் குளக்கோட்டு மன்னன் திருப்பணி செய்து, கந்தளாய்க் குளத்தைக் கட்டி, வயலும் ஆட்களும் ஏற்படுத்தி, யார் யார் கோயிலுக்கு என்ன பணி (தொழும்பு) செய்யவேண்டும் என்று வகுத்து வைத்தான் என்பது இங்கே வழிவழியாகச் சொல்லப்படுகிற கதை. கதையில் எவ்வளவு வரலாறு என்பதை அறிஞர்கள் பார்த்துக்கொள்ளட்டும். அதில் இருக்கிற யோசனைதான் எனக்குப் பிடிக்கும்: கொடை ஒருவருடைய அன்றைய மனநிலையை நம்பி இருக்கக்கூடாது.

கிண்ணியாவிலும் மூதூரிலும் உள்ள முஸ்லிம் நண்பர்களிடம் இதே யோசனையை இன்னும் கறாராகப் பார்க்கிறேன். ஸகாத் என்பது தருமம் என்று நாங்கள் பொதுவாகச் சொல்லிவிடுகிறோம், அவர்கள் அப்படிச் சொல்வதில்லை. குறிப்பிட்ட அளவுக்கு மேல் சொத்து ஒரு சந்திர வருடம் கையில் இருந்தால், காசிலும் தங்கத்திலும் நாற்பதில் ஒரு பங்கு, அதாவது இரண்டரை வீதம், கொடுத்தே ஆகவேண்டும். யாருக்குப் போகலாம் என்பதற்கும் எட்டு வகை சொல்லப்பட்டிருக்கிறது. அது ஏழையின் உரிமை, உன்னிடம் தங்கியிருந்தது, அவ்வளவுதான். விரும்பிக் கொடுப்பதற்கு ஸதகா என்று வேறு பெயர். நான் கவனித்தது, ஸகாத் கொடுக்கிறவர் நன்றி எதிர்பார்த்து நின்றால் அவருக்கே கூச்சமாகிவிடும், கடனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு யாராவது நன்றி கேட்பார்களா? வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்ற வாசகம் நபிமொழியான ஹதீஸிலும் இருக்கிறது, மத்தேயு சுவிசேஷத்திலும் இருக்கிறது. எங்கள் ஊரில் இந்த இரண்டையும் கேட்டு வளர்ந்தவர்களும் பனர் கட்டித்தான் கொடுக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

புண்ணியத்துக்காகக் கொடுப்பதைத் தமிழில் முதலில் கிண்டல் செய்தவர்கள் இன்றைய பகுத்தறிவுக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சங்கப் பாட்டிலேயே அது இருக்கிறது. புறநானூற்றில் 134ஆம் பாட்டு, ஆய் என்ற வள்ளலைப் பற்றியது. இந்தப் பிறப்பில் செய்தால் அடுத்த பிறப்புக்கு ஆகும் என்று கணக்குப் பார்க்கிற 'அறவிலை வணிகன்' ஆய் இல்லை என்கிறார் புலவர். அறத்தை விலைக்கு விற்று வாங்குகிறவன், எவ்வளவு கடுமையான சொல். அப்படியென்றால் ஆய் ஏன் கொடுத்தான்? சான்றோர் போன வழி அது, அதனால் அவனும் அந்த வழியில் போனான், அவ்வளவுதான் காரணம். முதல்தரம் படித்தபோது இந்தப் பதில் எனக்குச் சப்பென்று இருந்தது. இப்போது அப்படித் தெரியவில்லை, காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

மேற்கில் இதைப் பொருளாதாரக்காரர்கள் வேறு வழியில் தொட்டார்கள். ஜேம்ஸ் அன்ட்ரியோனி என்ற அமெரிக்கர் 1990 வாக்கில் ஒரு எளிய கேள்வி கேட்டார். ஏழைக்கு உதவி கிடைக்கவேண்டும் என்பது மட்டும்தான் என் ஆசை என்றால், அரசாங்கம் வரிக்காசில் அந்த ஏழைக்கு நூறு ரூபா கொடுக்கும்போது நான் என் நூறு ரூபாவைக் குறைத்துக்கொள்ளவேண்டும், காரியம்தான் நடந்துவிட்டதே. ஆனால் ஆட்கள் அந்த அளவுக்குக் குறைப்பதில்லை. ஆகவே ஏழைக்குக் கிடைப்பதைத் தவிர 'நான் கொடுத்தேன்' என்பதிலும் ஏதோ ஒன்று எனக்குக் கிடைக்கிறது. நெஞ்சுக்குள் ஒரு இளஞ்சூடு மாதிரி என்று அதற்குப் பெயரும் வைத்தார். பிறகு 2008இல் கனடாவில் ஒரு சோதனை: காலையில் ஆளுக்கு ஐந்து டொலரோ இருபது டொலரோ கொடுத்து, பாதிப் பேரைத் தங்களுக்கும் பாதிப் பேரைப் பிறருக்கும் செலவழிக்கச் சொன்னார்கள். பின்னேரம் கேட்டால் பிறருக்குச் செலவழித்தவர்கள்தான் கூடுதல் சந்தோஷம், ஐந்தா இருபதா என்பது பெரிதாக மாற்றவில்லை. எங்கள் அம்மம்மா தினமும் உலையில் போடுகிற அரிசியில் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவா, பிடியரிசி. மாதக் கடைசியில் அது ஒரு வீட்டுக்கோ கோயிலுக்கோ போகும். அவவுக்கு டொலர் சோதனை தேவைப்பட்டிருக்காது.

இந்த இளஞ்சூட்டை நான் குறை சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் அரைவாசிக் கொடை நின்றுவிடும். சிக்கல் எங்கே என்றால், அது சீக்கிரம் ஆறிவிடும். கொடுத்த அன்று இருக்கும், அடுத்த கிழமை இருக்காது. ஆகவே இளஞ்சூட்டுக்காகக் கொடுக்கிறவர் ஒரே பிள்ளையிடம் பன்னிரண்டு தரம் போவதைவிடப் பன்னிரண்டு பள்ளிக்கூடத்துக்கு ஒவ்வொரு தரம் போவார்.

வெளிநாட்டுக் காசைப் பற்றியும் சொல்லவேண்டும், சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். பிறந்தநாளுக்கு, அந்தியேட்டிக்கு, ஆண்டுத் திவசத்துக்கு டொரொன்டோவில் இருந்தும் லண்டனில் இருந்தும் இங்குள்ள சிறுவர் இல்லங்களுக்கு மதியச் சாப்பாடு போடுகிறார்கள். சுவரில் அம்மாவின் படம், முன்னால் பிள்ளைகள், வட்ஸ்அப்பில் வீடியோ. நான் இதைப் பார்த்துப் பல வருடம் எரிச்சல்பட்டிருக்கிறேன். பிறகு அங்கேயிருந்து வந்த ஒன்றுவிட்ட அண்ணா ஒருவரோடு கன்னியா வெந்நீரூற்றுக்குப் போயிருந்தேன். அவருடைய அம்மா செத்தபோது அவரால் வரமுடியவில்லை, அகதி விண்ணப்பம் முடியாத காலம். அந்த ஏழு கிணற்றிலும் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு இருந்து சொன்னார்: "தம்பி, கொள்ளி வைக்காதவன் சோறாவது போடவேணும் தானே." அதற்குப் பிறகு அந்த வீடியோக்களைப் பார்த்து நான் சிரிப்பதில்லை.

தன்னார்வப் பணிக்கு ஏன் வருகிறார்கள் என்று ஆராய்ந்த கிளேரி, ஸ்னைடர் முதலானோர் 1998இல் ஆறு வகையான காரணங்களைப் பிரித்தார்கள். அதில் ஒன்று, பிறரிடம் இல்லாதது தன்னிடம் இருக்கிறதே என்ற உறுத்தலிலிருந்து தன்னையே காப்பாற்றிக்கொள்வது. தப்பிப் போனவனின் உறுத்தல் எங்களுக்குப் புதிதில்லை. அதில் பிழையும் இல்லை. ஆனால் உறுத்தல் அவசரக்காரன். அதற்கு உடனே ஒரு பற்றுச்சீட்டு வேண்டும், படம்தான் அந்தப் பற்றுச்சீட்டு. 2004 டிசெம்பர் 26 சுனாமிக்குப் பிறகு உலகமே எங்களுக்கு அப்படித்தான் கொடுத்தது. நல்லதும் நிறைய வந்தது, மறக்கக்கூடாது. ஆனால் நிலாவெளிப் பக்கம் வீதியோரம் குவிந்து கிடந்த உடுப்பில் கம்பளிக் கோட்டு இருந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். அந்த வெக்கையில் அதைப் போட்டுப் பார்த்துச் சிரித்த ஒரு சின்னப் பெடியனையும் பார்த்தேன்.

படத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. 2007இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், மாலி நாட்டின் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியின் படத்தையும் கதையையும் காட்டியபோது கிடைத்த காசு, ஆபிரிக்காவில் இத்தனை இலட்சம் பேர் பட்டினி என்று எண்களைக் காட்டியபோது கிடைத்ததைவிட இரண்டு மடங்குக்கும் மேல். இரண்டையும் சேர்த்துக் காட்டினால் இன்னும் கூடும் என்றுதானே நினைப்போம்? குறைந்துவிட்டது. எண் உள்ளே வந்ததும் மனம் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிடுகிறது. காசு சேர்க்கிற குழுக்களுக்கு இது அனுபவத்தில் தெரியும், அதனால்தான் அழுகிற பிள்ளையைத் தேடுகிறார்கள். அந்தப் பிள்ளை பத்து வருடம் கழித்துத் தன் பெயரைத் தேடிப் பார்க்கும்போது முகநூலில் என்ன வரும் என்று யாரும் யோசிப்பதில்லை.

பெயருக்காகக் கொடுப்பதை நீட்டி எழுத எனக்கு மனமில்லை. போர்த்துக்கீசர் இடித்த கோணேசர் கோயில் மறுபடி எழும்பி 1963இல் கும்பாபிஷேகம் கண்டது ஊர்க் காசில்தான், கல்லில் பெயர் வெட்ட ஆசைப்பட்டவர்களும் அதில் இருந்திருப்பார்கள், இருக்கட்டும். கட்டடம் நிற்கிறது.

சரி, அந்த வேறொன்று.

எண்பதுகளில் பாலையூற்றில் ஒரு மாஸ்டர் விறாந்தையில் வைத்துக் கணக்குப் படிப்பித்தார். காசு வாங்கவில்லை. கரண்ட் நின்றால் அரிக்கன் லாம்பு. யாழ்ப்பாணத்தில் இருக்கிற மாதிரி ரியூட்டரிகள் எங்களுக்குப் பக்கத்தில் இல்லாத காலம், ஊரடங்குச் சட்டம் எப்போது வரும் என்றும் தெரியாது. எனக்கு வேலை கிடைத்து முதல் சம்பளத்தில் அவருக்கு ஒரு சாரம் வாங்கிக்கொண்டு போனேன். வாங்கி வைத்துக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை. புத்திமதி ஏதாவது வரும் என்று காத்திருந்துவிட்டு வந்தேன். அடுத்த கிழமை என் வீட்டு வாசலில் ஒரு பெடியன் கையில் கொப்பியோடு நின்றான். "மாஸ்டர் அனுப்பினவர்" என்றான்.

எனக்குத் தெரிந்து இங்கே காசில்லாமல் படிப்பிக்கிற, வழிகாட்டுகிற ஆட்களிடம் கதைத்தால் ஏறக்குறைய எல்லோருக்கும் இப்படி ஒருவர் இருக்கிறார். ஒரு மாஸ்டர், ஒரு சிஸ்டர், ஒரு அக்கா, வங்கியில் வேலை செய்த ஒரு மாமா. அந்த ஆளுக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது. அவர் கேட்கவும் மாட்டார், பலர் இப்போது உயிரோடும் இல்லை. பக்கத்து வீட்டில் ஒரு சுண்டு அரிசி மாறினால் ஒரு சுண்டு திருப்பிக் கொடுக்கலாம், அதைக் குறியெதிர்ப்பை என்று குறள் பிரித்து வைத்திருக்கிறது, அது ஈகையில் சேராது என்கிறது. படிப்பித்த கடன் வந்த வழியில் திரும்பிப் போகாது, கீழேதான் இறங்கும். ஆய் கொடுத்ததற்கு 'சான்றோர் போன வழி' என்று சொன்ன காரணம் எனக்குப் பிடிபட்டது இங்கேதான். தன்னைச் சங்கிலியில் முதல் கண்ணியாக நினைக்காதவன் பேச்சு அது.

எரிக் எரிக்சன் மனித வாழ்க்கையை எட்டுக் கட்டமாகப் பிரித்து, ஏழாவதான நடுவயதில் அடுத்த தலைமுறைக்கு ஏதாவது செய்யவேண்டும் என்ற தேவை மேலே வரும், வராவிட்டால் ஆள் தேங்கிப்போவார் என்று 1950இலேயே எழுதினார். ஐம்பது தாண்டிய என் நண்பர்களைப் பார்த்தால் அது பொய்யில்லை என்று தோன்றுகிறது, சிலர் வகுப்பெடுக்கிறார்கள், மற்றவர்கள் அரசியல் கதைத்துக்கொண்டு தேங்கிக் கிடக்கிறார்கள். நடுவயது வரை காத்திராதவர்களும் உண்டு: 1920களில் திருகோணமலை இந்துக் கல்லூரியை இராமகிருஷ்ண மிஷன் பொறுப்பேற்றபோது அதை இங்கே இருந்து நடத்திய சுவாமி விபுலானந்தர் அப்போது முப்பதுகளில்தான் இருந்தார். விஞ்ஞானப் பட்டதாரி. இங்கும் மட்டக்களப்பிலும் பள்ளிக்கூடங்களுக்குள் நின்றவர், யாழ் என்ற பழைய இசைக்கருவி பற்றிய ஆராய்ச்சி எல்லாம் பிறகுதான் நூலாக வந்தது.

இந்த மாவட்டத்தில் வழிகாட்டுவது ஏன் கொப்பியைவிட அவசரம் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் நாடு முழுவதுக்குமான திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைப்படி, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்தப் பின்தங்கிய பட்டியலில் திருகோணமலை இருக்கிறது. அதாவது கதவு எங்களுக்குக் கொஞ்சம் அகலமாகத்தான் திறந்து வைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அந்த அகலம் மாவட்டம் முழுவதுக்கும் ஒன்று, ஆகவே நகரத்தில் ரியூஷனுக்குப் போகிற பிள்ளையும் ஈச்சிலம்பற்றில் கணக்கு ஆசிரியர் இல்லாத பிள்ளையும் அதே கதவில்தான் முட்டவேண்டும். 1945இலிருந்து கல்வி இலவசம், பிறகு பாடப்புத்தகமும் இலவசமானது. எந்தப் பாடம் எடுப்பது, விண்ணப்பப் படிவத்தை எப்படி நிரப்புவது, கம்பஸ் கிடைக்காவிட்டால் வேறு என்ன வழி என்று சொல்ல ஒரு ஆள் மட்டும் இலவசமாகக் கிடைப்பதில்லை. வீட்டில் யாரும் ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) தாண்டாத பிள்ளைக்கு அந்த ஆள் இல்லாவிட்டால் கதவு எந்தப் பக்கம் என்றே தெரியாது.

ஆனால் கடன் உணர்ச்சிக்கும் ஒரு வியாதி உண்டு. என் மாஸ்டர் எனக்குச் செய்ததை அப்படியே நான் செய்யவேண்டும் என்று நினைத்து, ஒரு பெடியனைக் கணிதப் பிரிவுக்குத் தள்ளினேன். அவனுக்கு அது ஏறவில்லை. மூன்று தரம் ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எழுதினான், மூன்றாவதும் என் முகத்துக்காக. பிறகு இரண்டு வருடம் என்னை வீதியில் கண்டால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போவான். இப்போது நிலாவெளியில் ஒரு ஹோட்டல் சமையலறையில் நல்ல நிலையில் இருக்கிறான், போன வருடம்தான் மறுபடி கதைத்தான். 'என்னால் வந்தவன்' என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்ற ஆசை, கல்லில் பெயர் வெட்டுகிற ஆசையின் தம்பிதான். கல்லுக்காவது வலிக்காது.

இன்னொரு பிழையையும் சொல்லிவிடுகிறேன். சுனாமிக்குப் பிறகு முகாம் ஒன்றில் நானும் நண்பர்களும் பின்னேர வகுப்பு நடத்தினோம். ஆறு கிழமை. பிறகு ஒருவருக்கு வேலை மாற்றம், ஒருவருக்குக் கலியாணம், நானும் ஏதோ காரணம் சொன்னேன். அந்த ஆறு கிழமையை நாங்கள் பல வருடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தோம். பல காலம் கழித்துத்தான் கிராஸ்மன், ரோட்ஸ் என்ற இருவர் 2002இல் செய்த ஆய்வைப் பற்றிப் படித்தேன். அமெரிக்காவில் ஒரு பெரியவரையும் ஒரு பிள்ளையையும் சோடி சேர்க்கிற திட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறார்கள். ஒரு வருடத்துக்கு மேல் நீடித்த உறவுகளில்தான் பெரிய நன்மை. மூன்று மாதத்துக்குள் முறிந்த இடங்களில் பிள்ளைகள் தங்களைப் பற்றி நினைக்கிற மதிப்பு, தொடங்கியபோது இருந்ததைவிடக் கீழே போயிருந்தது. ஏற்கனவே கடல் கொண்டுபோனதைக் கண்ட பிள்ளைகளிடம் நாங்கள் போய், ஆறு கிழமை இருந்துவிட்டு, சொல்லாமல் வந்துவிட்டோம். கொப்பி கொடுத்துவிட்டுப் போகிற குழு அந்த அளவுக்காவது கெடுதல் செய்வதில்லை, அது முதலிலேயே தான் தங்கமாட்டேன் என்று சொல்லிவிடுகிறது.

அதனால்தான் வெருகல் அதிபருக்கு உடனே 'ஓம்' சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. மூன்று கிழமை கழித்துப் போன் எடுத்தேன். நான்கு பேர் சேர்ந்தோம், இப்போது இரண்டு பேர்தான் மிச்சம், ஒரு சனி நான், மறு சனி மற்றவர், ஒருவருக்கு முடியாவிட்டால் மற்றவர் போவது என்று ஏற்பாடு. படம் எடுப்பதில்லை. காசு தர முன்வந்த ஒரு லண்டன்காரரிடம் சீஆர் கொப்பியும் எங்கள் பெற்றோலும் கேட்டோம். பெற்றோலுக்கு என்ன படம் போடுவது என்று அவர் கேட்டது பகிடிக்கா உண்மையாகவா என்று இன்னும் தெரியாது, ஆனால் அனுப்புகிறார்.

கடைசி வாங்கில் இருக்கிற பத்தாம் வகுப்புப் பெடியன் ஒருவன் நான் போகிற ஒவ்வொரு சனியும் வகுப்பு முடிய வந்து, "சேர், அடுத்த சனியும் வருவீங்களா?" என்று கேட்பான். வருவேன், இல்லாவிட்டால் மற்ற சேர் வருவார் என்பேன். தலையை ஆட்டிவிட்டுப் போவான், நம்பின மாதிரித் தெரியாது. ஒன்பதாவது கிழமையோ பத்தாவது கிழமையோ அவன் கேட்கவில்லை. சுருட்டி வைத்திருந்த கொப்பியைத் திறந்து, தான் பிழையாகச் செய்த மூன்று கணக்கை மட்டும் காட்டி, இதை அடுத்த சனி பார்ப்போம் என்று சொல்லிவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.